ஆறு வருடமாகத் திறந்தே இருக்கும் பகுதி: க்னூ டீபக்கரின் பைதான் ஈவென்ட் ஆவணம்

ஓடும் புரோகிராமில் பிழை தேட உதவும் கருவியான க்னூ டீபக்கரின் மேனுவலில், பைதானில் ஈவென்ட்களைக் கையாள்வது பற்றி ஒரு சிறிய பகுதி இருக்கிறது. புரோகிராம் நிற்கும்போதும் மறுபடி ஓடும்போதும் முடியும்போதும் நம் ஸ்கிரிப்ட்டுக்குத் தகவல் வர வேண்டுமென்றால் அதைத்தான் படிக்க வேண்டும். வேலையில் ஆறு வருடமாக அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே ஸ்கிரிப்ட் எழுதி வருகிறேன். டீபக்கருக்குள் பைதான் வந்தது 2009இல், 7.0 பதிப்பில். ஈவென்ட்கள் 2011இல் 7.3 பதிப்போடு வந்தன. அப்போது இருந்தவை ஸ்டாப், கன்டின்யூ, எக்ஸிட் மூன்றும்தான். இப்போது பிரேக்பாயின்ட் (புரோகிராமை நிறுத்த நாம் குறிக்கும் இடம்) உருவாவது, நூலகக் கோப்பு ஏறுவது, பிராம்ப்ட் தோன்றுவது என்று பட்டியல் நீண்டுவிட்டது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஈவென்ட்டும் எது, எப்போது வரும் என்பதை இந்த ஆவணம் துல்லியமாகச் சொல்கிறது. அது வந்த நேரத்தில் ஹேண்ட்லருக்குள், அதாவது ஈவென்ட் வந்ததும் ஓடும் நம் ஃபங்க்ஷனுக்குள், நாம் என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பதுதான் அதில் கிடைப்பதில்லை.

துல்லியம் என்றேனே, அதை நான் கற்றுக்கொண்டது ஒரு நாள் முழுவதையும் இழந்து. ஒரு க்யூவின் நீளத்தை வைத்திருக்கும் மாறி எங்கேயோ தப்பாக மாறிக்கொண்டிருந்தது. ‘மெமரி சேஞ்ச்டு’ என்ற ஈவென்ட்டைப் பார்த்ததும் இதுதான் வேண்டும் என்று ஹேண்ட்லரை இணைத்துவிட்டேன். புரோகிராம் ஓடியது, மாறியும் கெட்டது, ஹேண்ட்லர் மட்டும் வாயே திறக்கவில்லை. மாலையில் அந்த விளக்கத்தைத் திரும்பவும் படித்தேன். டீபக்கரைப் பயன்படுத்துபவர் நினைவகத்தை மாற்றினால் வரும் ஈவென்ட் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அதாவது, நாம் ‘செட்’ கட்டளையால் ஒரு மதிப்பை மாற்றினால் வரும். புரோகிராம் தானாக எழுதுவதற்கு வராது. எனக்குத் தேவைப்பட்டது, மாறியின் மதிப்பு மாறியதும் புரோகிராமை நிறுத்தும் வாட்ச்பாயின்ட். எக்ஸ்86 செயலியில் அதற்கான டீபக் ரெஜிஸ்டர்கள் நான்கே இருப்பதால் எதைக் கவனிப்பது என்று யோசித்து வைக்க வேண்டும். வைத்த பத்தாவது நிமிடத்தில் தப்பு செய்த வரி பிடிபட்டது. விடை அந்த வாக்கியத்தில் காலையிலேயே இருந்தது, நான்தான் கடந்து போயிருந்தேன்.

ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டும் இப்படித்தான். எக்ஸிட் ஈவென்ட்டுக்கு ஏழெட்டு வரியில் ஒரு ஹேண்ட்லர் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸிட் கோடு (புரோகிராம் முடியும்போது தரும் எண்) என்ற பண்பு ஈவென்ட்டில் இருக்கிறதா என்று ‘ஹாஸ்அட்டர்’ வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதை எடுக்கிறது. புதிதாகப் படிப்பவருக்கு அது வெறும் எச்சரிக்கை உணர்வு போலத் தோன்றும். ஆனால் டீபக்கரை புரோகிராமிலிருந்து கழற்றிவிட்டால் எக்ஸிட் கோடு கிடைக்காது. அப்போது அந்தப் பண்பு ‘நன்’ (மதிப்பு இல்லை என்பதற்கான பைதான் சொல்) ஆகக்கூட இருக்காது, அடியோடு இருக்காது. அந்தச் சோதனையை வெட்டிவிட்டு எழுதினால் என்றாவது ஒரு நாள் பிழை வரும். அதுவும் இயல்பான அமைப்பில் ஒற்றை வரிச் செய்தியாக வரும். பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் முழு டிரேஸ்பேக் வேண்டுமென்றால் ‘செட் பைதான் பிரின்ட்-ஸ்டாக் ஃபுல்’ என்று கொடுக்க வேண்டும். என் தொடக்கக் கோப்பில் முதல் வரியே இப்போது அதுதான்.

இனி குறை. ஸ்டாப் ஹேண்ட்லருக்குள் நின்றுகொண்டு ‘கன்டின்யூ’ கட்டளையை இயக்கலாமா? ஈவென்ட் எழுதுகிற எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான். நேரடியாக இயக்கினால் ஒரு ஸ்டாப்புக்குள் அடுத்த ஸ்டாப் என்று ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டே போகும். அந்த வேலையை ‘போஸ்ட் ஈவென்ட்’ வழியாக வரிசையில் போட்டுவிட்டு ஹேண்ட்லரை முடித்துவிட வேண்டும். டீபக்கர் பிறகு எடுத்து இயக்கிக்கொள்ளும். இந்த வழி மேனுவலில் இல்லாமல் இல்லை. ஆனால் அது வேறொரு பகுதியில், த்ரெட்களைப் பற்றிப் பேசும் இடத்தில் இருக்கிறது. பிரேக்பாயின்ட்டின் ‘ஸ்டாப்’ மெத்தடை விளக்கும் இடத்திலோ, அங்கே இருக்கும்போது புரோகிராமை நகர்த்தாதே, ஃபிரேமை மாற்றாதே, பிரேக்பாயின்ட்டைச் சேர்க்கவோ நீக்கவோ செய்யாதே என்று அழகாக எச்சரிக்கிறார்கள். அதே அக்கறை ஈவென்ட் பகுதிக்கும் வேண்டாமா?

ஸ்கிரிப்ட்டைத் திருத்தித் திருத்தி ‘சோர்ஸ்’ கட்டளையால் மறுபடி ஏற்றுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ‘டெஃப்’ ஒரு புது ஃபங்க்ஷனை உருவாக்கும், ‘கனெக்ட்’ அதையும் பட்டியலில் சேர்க்கும், பழையது போகாது. மூன்றாவது முறை ஏற்றியதும் ஒரே ஸ்டாப்புக்கு மூன்று அறிக்கை வரும், அதில் இரண்டு பழைய கோடு எழுதியது. கோப்பின் தலையிலேயே, அந்தப் பெயரில் பழைய ஃபங்க்ஷன் இருந்தால் ‘டிஸ்கனெக்ட்’ செய்துவிட்டு, பிறகுதான் புதிதாக ‘டெஃப்’ எழுத வேண்டும். இரண்டு வரி வேலை. ஆவணத்தில் இதைப் பற்றி ஒரு குறிப்பு இருந்திருந்தால் எத்தனையோ பேருக்கு நேரம் மிச்சமாகியிருக்கும்.

எந்த ஈவென்ட் எந்தப் பதிப்பில் வந்தது என்பதற்கு, பதிப்பு வாரியாக மாற்றங்களைச் சொல்லும் ‘நியூஸ்’ கோப்பைத்தான் புரட்ட வேண்டும். டீபக்கர் மூடும்போது வரும் ஈவென்ட் 12ஆம் பதிப்பில் வந்தது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். பழைய சர்வர்களில் வேலை செய்பவர்கள் ஈவென்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இணையுங்கள்.

எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கரிலும் கொஞ்ச காலம் எழுதினேன். அங்கே லிசனர் ஒன்றை வைத்து ஈவென்ட் வரும்வரை நாமே காத்திருக்கும் முறை. வகுப்புகளும் மெத்தடுகளும் வரிசையாக இருக்கின்றன. ஆனால் க்னூ ஆவணத்தில் ஒரு வாக்கியத்தில் கிடைக்கும் தெளிவு எனக்கு அங்கே கிடைக்கவில்லை.

க்னூ மேனுவல் டெக்ஸ்இன்ஃபோ என்ற ஆவண வடிவத்தில் எழுதப்பட்டது, மூலத்தோடு சேர்ந்தே கிடைக்கிறது, யாரும் திருத்தம் அனுப்பலாம். ‘சோர்ஸ்’ சிக்கலைப் பற்றிய பத்தியை எழுதி முடித்துவிட்டேன். ஹேண்ட்லருக்குள் எதைச் செய்யக் கூடாது என்ற பத்தி பாதியில் நிற்கிறது. ஒவ்வொரு வரியையும் டீபக்கரின் சி++ கோடோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகுதான் அனுப்புவேன்.