ஆம்ப்ளிஃபையரை ரிப்பேருக்குக் குடுக்கப் போறவங்க இத ஒருதடவ வாசிச்சிட்டுப் போங்க

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில எங்க அப்பாவோட ஆம்ப்ளிஃபையரைக் குடுத்தோம், 4,200 ரூவா வாங்கிட்டு உள்ள இருந்த நல்ல சாமானை எல்லாம் உருவிட்டு டூப்ளிகேட்டை மாட்டிக் குடுத்துருக்காங்க, அதோட விடாம ஸ்பீக்கரைக் காப்பாத்துற ரிலேயையும் (ஸ்பீக்கரைத் தானா இணைச்சு, கோளாறுன்னா துண்டிக்குத சுவிட்சு) வயர் வச்சு ஷார்ட் பண்ணி விட்டுட்டாங்க. கடைசியில 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒண்ணு காயில் எரிஞ்சு போச்சு. கடை பேரு போடல. வேற யாரும் இப்படி ஏமாறக் கூடாதுன்னுதான் விவரமா எழுதுதேன்.

இது கம்பெனி செட்டு இல்ல, அப்பா ஆள் வச்சு சொல்லி அசெம்பிள் பண்ணுனது. 35-0-35 வோல்ட் காப்பர் டிரான்ஸ்ஃபார்மர், டோஷிபா கம்பெனியோட 5200, 1943 நம்பர் டிரான்சிஸ்டர் பக்கத்துக்கு ரெண்டு ஜோடி, 10,000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரு, தனியா புரொடெக்‌ஷன் போர்டு. அம்பாசமுத்திரத்துல எங்க தெருவுல கோயில் கொடைக்கு செட்டு கட்டுத அண்ணாச்சியே வந்து கேட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போன செட்டு. அப்பாவுக்கு காலையில அதுல நாதஸ்வரம் ஓடணும், இல்லன்னா அன்னைக்கு முழுக்க ஒரு மாதிரி இருப்பாரு.

வந்த கோளாறு இதுதான்: சத்தத்தைக் குறைச்சு வச்சா இடது பக்கம் பாட்டு கரகரன்னு ஆகி அப்படியே நின்னுரும், வால்யூமைக் கூட்டுனா டக்குனு திரும்ப வந்துரும். செட்டை ஆஃப் பண்ணிட்டு ஸ்பீக்கர் வயரை இடம் வலம் மாத்திப் போட்டுப் பாத்தோம், இப்ப வலது ஸ்பீக்கர் நிக்குது, அப்ப ஸ்பீக்கர்ல கோளாறு இல்ல. பின்னால இன்புட் வயரையும் மாத்திப் பாத்தோம், அதே பக்கம்தான் நிக்குது, அப்ப பாட்டு வார பக்கமும் கோளாறு இல்ல, செட்டுக்குள்ளதான். இத எல்லாத்தையும் கடையில தெளிவா சொன்னோம். தெரிஞ்ச மெக்கானிக்கா இருந்தா இத கேட்ட உடனே ரிலேக்குள்ள ஒட்டி விலகுத காண்டாக்ட்ல கறை புடிச்சிருக்குன்னு சொல்லியிருப்பாரு, ஏன்னா கறை புடிச்ச காண்டாக்ட்ல சின்ன சிக்னல் தாண்டாது, சத்தம் கூடுனா தாண்டிரும். அந்த ரிலேயை மாத்த ஆகுத செலவு சில நூறு ரூவாதான்.

ஆனா அங்க சொன்னது, "அவுட்புட் ஃபுல்லா போயிட்டு தம்பி, டிரான்ஸ்ஃபார்மரும் வீக்கு, வச்சிட்டுப் போங்க". அவுட்புட் டிரான்சிஸ்டர் போச்சுன்னா அப்படி விட்டு விட்டுப் பாடாதுங்க, ஃபியூஸ் போகும் இல்லன்னா ரிலே புடிக்கவே செய்யாது.

திரும்பி வந்த அன்னைக்கே வித்தியாசம் தெரிஞ்சது. முன்னாடி சுவிட்சைப் போட்டா ரெண்டு மூணு செகண்டு அமைதியா இருந்து, 'டக்'குனு ரிலே சத்தம் கேட்டு, அப்புறம்தான் ஸ்பீக்கர் உயிர் வரும். இப்ப போட்ட உடனே ஸ்பீக்கர்ல 'தும்'முனு ஒரு அடி. தவிலு ஓங்கி விழுத இடத்துல சத்தம் அமுங்குது, செட்டு தூக்குனா முன்ன மாதிரி கனம் இல்ல, பாடாம சும்மா இருக்கும்போதே ஊ...ன்னு இரைச்சல். ஃபோன் போட்டா புது சாமான்லா, ஓட ஓட செட்டாயிரும்னு சொல்லுதாங்க. கொஞ்ச நாள்ல ஒரு சாயங்காலம் இடது ஸ்பீக்கர்ல இருந்து புகை. கோன் முன்னால தள்ளுனபடி அப்படியே நின்னுட்டு.

பாளையங்கோட்டையில வயசான ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருக்காரு, அவருட்ட கொண்டுபோனோம். எங்க கண்ணு முன்னாலயே திறந்து காட்டுனாரு. டிரான்சிஸ்டர் மேல டோஷிபான்னு எழுத்து இருக்கு, எரிஞ்சதை உடைச்சா உள்ள சில்லு தக்கனூண்டு, ஒரிஜினல்ல அது நல்லா பெருசா இருக்குமாம். டிரான்ஸ்ஃபார்மர் கம்பியச் சுரண்டுனா வெள்ள வெளேர்னு அலுமினியம். ரிலே காலுக்குக் குறுக்க ஒரு வயர் பத்தவச்சிருக்கு. அதான் எல்லாத்தையும் விட மோசம். 35-0-35 டிரான்ஸ்ஃபார்மர்ல ரெண்டு பக்கமும் 50 வோல்ட் கிட்ட டிசி (ஒரே பக்கமா பாயுத கரண்டு) வரும், டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆச்சுன்னா அது நேரா ஸ்பீக்கர் காயிலுக்குப் போகும், அத தடுக்கத்தான் அந்த ரிலேயே இருக்கு. அத ஷார்ட் பண்ணி விட்டா கோளாறு சரியான மாதிரி தெரியும், காவல் போயிரும். புகை வந்தப்ப அப்பா பக்கத்துலயே உக்காந்திருந்தாரு, பெருசா தீப்புடிச்சிருந்தா என்ன செய்ய?

இனிமே குடுக்கும்போது கடைக்காரங்களையே மூடியைத் திறக்கச் சொல்லி அவங்க முன்னாலயே போட்டோ எடுங்க, டிரான்ஸ்ஃபார்மரு, டிரான்சிஸ்டர் நம்பரு, கெப்பாசிட்டரு எல்லாம் தெரியணும். வீட்டுல நீங்களா திறக்காதீங்க, பிளக்கைப் புடுங்குன பிறகும் கெப்பாசிட்டர்ல கரண்டு நிக்கும். மாத்துன பழைய சாமானை திருப்பித் தரணும்னு முதல்லயே சொல்லிருங்க, எந்தெந்த பார்ட்ஸ்னு பில்லுல எழுதச் சொல்லுங்க. வாங்கும்போது ஸ்பீக்கர் மாட்டாம, வால்யூம் ஜீரோல வச்சு, ஸ்பீக்கர் டெர்மினல்ல மல்டிமீட்டர் டிசியில வச்சுப் பாக்கச் சொல்லுங்க, 50 மில்லி வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, வோல்ட் கணக்குல காட்டுனா தொடவே வேண்டாம். போட்ட உடனே 'தும்'முனு அடிச்சா காசு குடுக்காதீங்க, ரிலே என்னாச்சுன்னு கேளுங்க.

நாங்க போய் பழைய சாமான் எங்கன்னு கேட்டதுக்கு குப்பையில போட்டாச்சுன்னு சொல்லுதாங்க. காப்பர் டிரான்ஸ்ஃபார்மரை யாரு குப்பையில போடுவா? அப்பா "போட்டும் விடுய்யா"ன்னு சொல்லுதாரு, ஆனா நாங்க விடுததா இல்ல. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சு புகாரு பதிஞ்சாச்சு, அதுல முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது. கடையில குடுத்த துண்டுச் சீட்டு, ஜிபே கணக்கு, பாளையங்கோட்டை அண்ணாச்சி திறந்தப்ப எடுத்த போட்டோ, எரிஞ்ச டிரான்சிஸ்டர் எல்லாம் பத்திரமா வச்சிருக்கோம். இதே மாதிரி நடந்தவங்க நம்ம பக்கம் இருந்தா அந்த எரிஞ்ச சாமானைத் தூரப் போட்டுராதீங்க, சேந்து புகாரு குடுக்கலாம்.