ஏ ஒன், பிரைம், பிரீமியம்: எது முதல் தரம்?

"சாப்பாடு ஏ ஒன்!" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தச் சொல் கப்பல் தொழிலில் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் கப்பல் காப்பீடு செய்தவர்கள், எந்தக் கப்பலை நம்பலாம் என்று தெரிந்துகொள்ள லாயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டை வைத்திருந்தார்கள். கப்பலின் உடலுக்கு ஓர் எழுத்து: ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று இறங்கிக்கொண்டே போகும். நங்கூரம், வடம் போன்ற சாமான்களுக்குப் பின்னாளில் ஓர் எண். இரண்டிலும் மேலே நின்ற கப்பல்தான் ஏ ஒன். ஆள் நேரில் பார்த்துக் கொடுத்த மதிப்பெண் அது. பேச்சுக்கு அருமையான சொல்; அலுவலகக் கடிதத்துக்கு மட்டும் ஒட்டாது.

பிரைம் என்பதற்கு லத்தீன் வேர் 'முதல்' என்கிறது. இங்கே கவனம் வேண்டும்: பிரைம் சஸ்பெக்ட் என்றால் முதன்மைச் சந்தேக நபர், தரமான ஆள் இல்லை! தரத்தைக் குறிக்கும்போது இதற்கும் கறாரான அளவுகோல் உண்டு. அமெரிக்க வேளாண் துறை மாட்டிறைச்சியைத் தரம் பிரிக்கும்போது, தசைக்குள் கொழுப்பு எவ்வளவு இழையோடுகிறது, மாட்டின் வயது என்ன என்று பார்க்கிறது. உச்சியில் பிரைம், அடுத்து சாய்ஸ், அப்புறம் செலக்ட். அகராதியில் சாய்ஸும் செலக்டும் 'பொறுக்கி எடுத்தது'. கறிக்கடையில் இரண்டாம், மூன்றாம் படி. செலக்டுக்கு 1987 வரை 'குட்' என்றுதான் பெயர். சரக்கு மாறவில்லை, பெயர்தான் உயர்ந்தது.

பிரீமியம் எனக்குப் பிடிக்காத சொல். லத்தீனில் அது வெகுமதி. காப்பீட்டுக்குக் கட்டும் தொகையும், வழக்கமான விலைக்கு மேல் கொடுப்பதும் அதுவே. பணம்தான் அதன் உயிர். பிஸ்கட் பாக்கெட்டில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், கீழ்ப்படி எது என்று கேட்க முடியாது. பெட்ரோலில் மட்டும் பின்னால் ஓர் எண் இருக்கிறது: இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலப்பு வருவதற்கு முன் சாதாரணத்துக்கு ஆக்டேன் 91, பிரீமியத்துக்குப் பெரும்பாலும் 95 என்று இருந்தது. அந்த எண்கூட இன்ஜின் தட்டாமல் ஓடும் திறனைத்தான் சொல்கிறது. 91 போதும் என்று வடிவமைத்த வண்டிக்கு 95 ஊற்றுவதால் பெரிதாக லாபமில்லை.

அதனால் மொழிபெயர்க்கும்போது பிரைமுக்கு 'முதல் தரம்' என்று தைரியமாக எழுதுவேன். பிரீமியத்துக்கு 'விலை கூடிய ரகம்' போதும்.