லண்டனுக்குப் படிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: சாவி கைக்கு வராமல் ரூமுக்குப் பணம் கட்டாதீர்கள்

செப்டம்பர் இன்டேக்குக்குக் கிளம்பும் பிள்ளைகளும் அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டாரும் இதைக் கடைசி வரை படியுங்கள். காங்கேயம் பக்கத்துப் பையன் ஒருவர் லண்டனில் இறங்கிய அன்றைக்கே இரண்டு இடத்தில் பணத்தைப் பறிகொடுத்திருக்கிறார். பெயர் வேண்டாம். நடந்தது மட்டும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

ரூம் கிடைத்தது கோவை, ஈரோடு மாணவர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில். போனில் பேசியவர் அச்சு அசல் நம்ம பேச்சு. "நானும் நம்ம பக்கந்தானுங் தம்பி, அப்புச்சி ஊரு கவுந்தப்பாடி. நீங்க ஒண்ணும் ரோசனை பண்ணாம வாங்க" என்றிருக்கிறார். குலதெய்வம் எந்தக் கோயில் என்பது வரை விசாரித்திருக்கிறார். கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் தனி ரூம், மாதம் 550 பவுண்டு, அட்வான்ஸ் 550, ஆக 1,100 பவுண்டு. நம்ம பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்குக் கிட்ட. "பவுண்டா அனுப்புனா பேங்க்ல கமிஷன் புடிப்பாங்க, என்ற தங்கச்சி அக்கவுண்ட்டுக்கு ரூபாயாவே போட்டுடுங்க" என்று சொல்லவும், கல்விக் கடன் போக நகை வைத்துச் சேர்த்த பணத்திலிருந்து ஜிபேயில் இரண்டு நாளாகப் பிரித்து அனுப்பிவிட்டார்கள்.

பையன் ஹீத்ரோவில் இமிக்ரேஷன் முடித்து வெளியே வரும்போது மாலை ஏழு மணி. இங்கே இரவு பதினொன்றரை. கொண்டுபோன சிம்மில் ரோமிங் வேலை செய்யவில்லை. அரைவல் ஹாலிலேயே கழுத்தில் ஒரு கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற ஆள் "டாக்ஸியா?" என்று கேட்டு, இல்ஃபோர்டுக்கு 60 பவுண்டு என்று பேசி ஏற்றினார். இறங்கும் இடத்தில் பெட்டிக்குத் தனி, பார்க்கிங்குக்குத் தனி, டிராபிக்கில் நின்றதற்குத் தனி என்று 150 கேட்டார். பெட்டிகள் டிக்கியில், டிக்கி பூட்டில். கொடுத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. பிறகு வீட்டு பெல்லை அடித்தால், அது வேறொரு குடும்பம் குடியிருக்கும் வீடு. அவர்களுக்கு எதுவும் தெரியாது. ரூம் பேசியவர் பையனின் நம்பரை பிளாக் செய்திருந்தார். அந்த வீட்டார் நல்லவர்களாக இருந்ததால் வைஃபை கொடுத்து, யுனிவர்சிட்டியின் 24 மணி நேர செக்யூரிட்டி நம்பருக்குப் பேச வைத்து, ஒரு ஹாஸ்டலில் படுக்கை கிடைக்கும் வரை உட்கார இடமும் கொடுத்தார்கள்.

இந்த ஏமாற்று முழுக்க நேரத்தை நம்பி நடப்பது. பத்துப் பதினைந்து மணி நேரப் பயணம், கையில் இரண்டு பெரிய பெட்டி, போன் இல்லை, ஊரில் எல்லோரும் தூங்குகிறார்கள், இரவுக்குத் தங்க வேறு இடம் இல்லை. அந்த நிலையில் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவோம். அதனால் முதல் வேலை, முதல் ஏழு இரவுக்கான இடத்தை ரூம் தேடுவதிலிருந்து பிரித்துவிடுவது. யுனிவர்சிட்டி ஹால், அல்லது பெயர் தெரிந்த ஹாஸ்டல், கேன்சல் செய்தால் பணம் திரும்பும் புக்கிங். ஹாஸ்டல் படுக்கை ஓர் இரவுக்கு 30 முதல் 50 பவுண்டு வரை ஆகும். ஏழு இரவுக்கு 300 பவுண்டு செலவாகிறதே என்று நினைக்க வேண்டாம். அந்த ஏழு நாளில் நேரில் போய் ரூம் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம்.

ரூமை ஊரிலிருந்தே பார்த்து வைப்பதில் தப்பில்லை. பணத்தைத்தான் அனுப்பக் கூடாது. இங்கிலாந்தில் 2019-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டணச் சட்டப்படி, ரூமைப் பிடித்து வைக்கும் ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. முழு டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது. மாதம் 550 பவுண்டு ரூமுக்குக் கணக்குப் போட்டால் வாரத்துக்கு 126 பவுண்டும் சில்லறையும், ஐந்து வாரத்துக்கு 634. நேரில் பார்க்கும் முன்பே டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் சேர்த்துக் கேட்கிறார் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டுக்காரர் குடியிருக்காத வீட்டுக்கு வாடகைக்குப் போனால், டெபாசிட்டை அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் 30 நாளுக்குள் போட வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் என்பவை அந்த மூன்று. எதில் போடுவீர்கள் என்று கேளுங்கள். வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே ஒரு ரூமில் தங்கினால் இந்தப் பாதுகாப்பு கட்டாயமில்லை. நம்ம பிள்ளைகளில் நிறையப் பேர் தங்குவது அப்படித்தான். அங்கே ரசீதும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் இல்லாமல் ஒரு பவுண்டு கூடக் கொடுக்காதீர்கள்.

போலியைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர், வருகிறவருக்கு அங்கே வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்று சட்டப்படி சரிபார்த்தாக வேண்டும். அதற்கு உங்கள் இ-விசா (ஆன்லைன் விசா) கணக்கிலிருந்து எடுக்கும் ஷேர் கோட் என்ற குறியீட்டையும் பிறந்த தேதியையும் கேட்பார். வாடகைக்கான கோட் ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். பணத்தைப் பற்றியே பேசி, ஷேர் கோட் என்ற பேச்சையே எடுக்காதவர் மேல் சந்தேகம் வர வேண்டும். அதே சமயம், கேட்டுவிட்டார் என்பதற்காக நல்லவர் என்று முடிவு கட்டவும் வேண்டாம். பாஸ்போர்ட் நகலை வாங்கி வேறு மோசடிக்குப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு.

வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பிரிட்டிஷ் அரசின் லேண்ட் ரெஜிஸ்ட்ரி தளத்தில் 7 பவுண்டு கட்டிப் பார்க்கலாம். நம்ம ஊரில் இடம் வாங்கும் முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போலத்தான். அரசுத் தளத்திலேயே எடுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். ரூம் போட்டோக்களை கூகுளில் படத்தேடலில் போட்டால், வேறு ஊர் ஹோட்டல் படம் என்றால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வீடியோ காலை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்த வீட்டுக்குள் நின்றுகொண்டே சமையலறை, பாத்ரூம் எல்லாம் சுற்றிக் காட்டுவார்கள்.

டாக்ஸி விஷயத்துக்கு வருவோம். லண்டனில் ஸ்டாண்டில் நின்று ஆள் ஏற்றும் உரிமை மீட்டர் போட்ட கறுப்பு டாக்ஸிக்கு மட்டும்தான். மற்ற கார்கள் எல்லாம் முன்பே புக் செய்து வர வேண்டியவை. அரைவல் ஹாலில் தானாக வந்து பேசுகிறவர் சட்டத்துக்குப் புறம்பாக ஆள் பிடிக்கிறார். புக் செய்யாத பயணத்துக்கு இன்சூரன்சும் கிடைக்காமல் போகலாம். இல்ஃபோர்ட், ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் போகிறவர்களுக்கு ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் லைன் ரயிலே போதும். சில ரயில்களில் வந்தால் வைட்சேப்பலில் மாற வேண்டும். 20 பவுண்டுக்குள் முடிந்துவிடும். ஏறும்போது ஸ்டேஷன் கேட்டில் தட்டிய அதே பேங்க் கார்டையே இறங்கும்போதும் தட்டுங்கள். மறந்தாலோ வேறு கார்டைத் தட்டினாலோ அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டில் கான்டாக்ட்லெஸ் வேலை செய்கிறதா என்பதைக் கிளம்பும் முன் பேங்கில் கேட்டு ஆன் செய்து வையுங்கள். ஏடிஎம்மிலோ கடையிலோ "ரூபாயில் பிடிக்கவா, பவுண்டிலா" என்று கேட்டால் பவுண்டையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைக்கும் ரேட்தான்.

முதல் வாரத்தில் இன்னொன்றும் வரும். விசாவைக் கவனிக்கும் அரசுத் துறையான ஹோம் ஆபீசிலிருந்து பேசுவதாக ஒரு கால்: போலீசில் பதிவு செய்யவில்லை, அபராதம் கட்டாவிட்டால் விசா ரத்து என்று மிரட்டுவார்கள். அந்தப் போலீஸ் பதிவு முறையே 2022 ஆகஸ்ட்டில் எடுக்கப்பட்டுவிட்டது. ஹோம் ஆபீஸ் போன் செய்து பணம் கேட்காது. கட் செய்துவிட்டு யுனிவர்சிட்டியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். அங்கே வேலை பார்க்க எடுக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பருக்கும் கட்டணம் கிடையாது. "உன் பேங்க் அக்கவுண்ட்டில் கொஞ்சம் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மாற்றிவிடு" என்று யார் சொன்னாலும், அவர் உறவுக்காரரே ஆனாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடிபட்டால் பேங்குகள் பார்க்கும் மோசடிப் பதிவேட்டில் ஆறு வருடம் வரை பெயர் இருக்கும், வழக்கும் வரும்.

ஏமாந்துவிட்டால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். பணம் இந்திய அக்கவுண்ட்டுக்குப் போயிருந்தால், ஊரில் இருப்பவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து, பரிவர்த்தனையின் அடையாள எண்ணான யுடிஆர் நம்பரையும் அனுப்பிய நேரத்தையும் சொல்ல வேண்டும். பணம் அடுத்த அக்கவுண்ட்டுக்கு நகராமல் இருந்தால் முடக்கிவைக்க வழி உண்டு. "விடிஞ்சதும் பாத்துக்கலாம்ப்பா" என்று விடாதீர்கள், இரவிலும் அந்த நம்பர் எடுக்கும். லண்டன் பேங்கிலிருந்து இன்னொரு லண்டன் அக்கவுண்ட்டுக்கு அனுப்பி ஏமாந்திருந்தால் அங்கே 159-ஐ அழுத்தி உங்கள் பேங்கோடு பேசுங்கள். 2024 அக்டோபர் முதல் இப்படிப்பட்ட மோசடிக்குப் பெரும்பாலும் பேங்கே பணம் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஊரிலிருந்து ரூபாயில் போட்ட பணத்துக்கு அந்த விதி பொருந்தாது. ரூபாயிலேயே போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாட்ஸ்அப் பேச்சு, போன் நம்பர், அனுப்பிய படங்கள் எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். குரூப்பில் விஷயத்தைப் போட்ட பிறகு, "பணத்தை மீட்டுத் தர்றோமுங்க, முன்பணம் மட்டும் கட்டுங்க" என்று புதிதாக யாராவது வருவார்கள். அவர்களும் அதே கூட்டம்தான். பதில் போடாமல் அந்த நம்பரையும் புகாரில் சேர்த்துக் கொடுங்கள்.