ஏழு வருடம் பெட்டியில் கிடந்த ரிசீவர்

என் உதிரிப்பாகப் பெட்டியில் ஒரு ஆறு சானல் ரிசீவர், அதாவது ரேடியோவில் ஓட்டும் மாதிரி விமானத்துக்குள் இருந்து நம் கட்டளையை வாங்கும் கருவி, ஏழு வருடம் தனியாகக் கிடந்தது. அதன் மேல் சிவப்பு டேப் ஒட்டி, "பறக்க விடாதே" என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டு மாதம் உட்கார்ந்து பால்சா என்ற லேசான மரத்தில் கட்டிய விமானம் அதனோடுதான் தரையில் குத்தியது. இறக்குவதற்காகத் திருப்பினேன். எய்லரான் (இறக்கையைச் சாய்ப்பது) கொடுத்தேன், எலிவேட்டரை (மூக்கைத் தூக்குவது) இழுத்தேன், அதற்கப்புறம் விமானம் என் பேச்சைக் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், நொறுங்கிய மூக்குக்குப் பின்னால் ரிசீவர் விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருக்கிறது. கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கை அசைத்தால் சர்வோக்கள் (இறக்கை, வால் பகுதிகளை அசைக்கும் குட்டி மோட்டார்கள்) எல்லாம் ஒழுங்காக அசைகின்றன. சிக்னல் போய்விட்டது, ரிசீவர் மட்டம் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அதிலிருந்து ஏழு வருடம் ஆகிறது. இடையில் நாலைந்து வகை ரிசீவர்களைப் பத்துப் பதினைந்து விமானங்களில் மாற்றி மாற்றி ஓட்டியாயிற்று. அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன். எந்த நிறுவனம் உசத்தி என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

முதலில் வாங்கும் விஷயம். ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் ஒரே மொழி பேச வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டிலும் போட்டிருப்பதில் அர்த்தமில்லை. அது இருவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள் என்று சொல்வதுபோலத்தான். ஸ்பெக்ட்ரம் டிஎஸ்எம்எக்ஸ், ஃபுடாபா எஸ்-எஃப்எச்எஸ்எஸ், ஃப்ளைஸ்கை ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ, ஃப்ரஸ்கை டி16, எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் எல்லாம் வெவ்வேறு மொழிகள். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே வட்டார வழக்கு வேறு உண்டு. ஏஎஃப்எச்டிஎஸ் வேறு, ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ வேறு. டி16-இல் ஐரோப்பிய ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) போட்ட ரிசீவர், மற்ற ஃபர்ம்வேர் உள்ள டிரான்ஸ்மிட்டரோடு பைண்ட் ஆகாது, அதாவது ஜோடி சேராது. பெயரின் கடைசி எழுத்து வரை பார்த்து வாங்குங்கள். பழைய ரிசீவர்கள் பலவிதமாகக் கையில் இருந்தால், நாலு ரேடியோ சிப்பை ஒரே பெட்டியில் வைத்து, பல மொழி பேசும் மல்டிபுரோட்டோகால் மாட்யூல் நல்ல வழி. என் டிரான்ஸ்மிட்டரின் முதுகில் அதுதான் இரண்டு வருடம் இருந்தது.

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இன்னொன்று. கட்டைவிரல் நகம் அளவில், ஒரு கிராம்கூட இல்லாத ரிசீவர் ஒன்று மலிவாகக் கிடைக்கும். ஆசையாக வாங்கிப் பிரித்தால், சர்வோ செருக இடமே இருக்காது. சால்டர் வைக்க நாலு புள்ளி மட்டும் இருக்கும். அவை ஃப்ளைட் கன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினியோடு சீரியலில் (எல்லாச் சானலையும் ஒரே வரிசையில் அனுப்பி) பேசுபவை, டிரோன் ஆட்களுக்கானவை. சாதாரண விமானத்துக்கு, ஒவ்வொரு சர்வோவுக்கும் தனித்தனி பின் வைத்த பிடபிள்யூஎம் ரிசீவர்தான் வேண்டும். அந்தக் குட்டிகளில் சிலவற்றில் ஆன்டெனாவும் பலகையின் மேல் ஒட்டிய பீங்கான் துண்டுதான். வீட்டுக்குள் பறக்கவிட அது போதும். வெளியே தூரமாகப் போகும் விமானத்தில் நான் வைப்பதில்லை.

சரி, அந்த பால்சா விமானத்துக்கு வருவோம். உடைந்ததை ஒட்டி எடுத்து, இந்த முறை டெலிமெட்ரி (விமானத்திலுள்ள அளவுகளை டிரான்ஸ்மிட்டருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) உள்ள, இரண்டு மடங்கு விலையில் ஒரு ரிசீவரைப் போட்டேன். வீட்டு மேசையில் வைத்து, நாலு சர்வோவையும் ஒரே நேரத்தில் கிறுகிறுவென்று ஆட்டினேன். டிரான்ஸ்மிட்டர் கத்தியது. ரிசீவர் மின்னழுத்தம் குறைவு என்றது. அளவுமானியை வைத்துப் பார்த்தால் 4.9 வோல்ட், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் டெலிமெட்ரி பதிந்த குறைந்தபட்ச அளவு 3.6. அளவுமானி சராசரியைக் காட்டும். நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் விழுந்து எழும் பள்ளம் அதன் கண்ணில் படாது. டெலிமெட்ரியிலும் எல்லாம் பதிவதில்லை, உண்மையான பள்ளம் இன்னும் ஆழமாக இருந்திருக்கும். அவ்வளவு கீழே போனால் ரிசீவர் அணைந்து, மறுபடி முதலிலிருந்து எழுந்திருக்கும். தாழ்வாகத் திரும்பும் விமானத்துக்கு அந்த இடைவெளி போதும், கதை முடிய. கீழே விழுந்தபின் ஏன் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

காரணம் இஎஸ்சி-க்குள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருந்த லீனியர் பிஇசி, அதாவது பேட்டரி மின்னழுத்தத்தைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் கொடுக்கும் சுற்று. மூன்று செல் லைபோ பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட். ரிசீவருக்கு வேண்டியது 5. மிச்ச 7.6 வோல்ட்டை லீனியர் வகை பிஇசி சூடாக மாற்றித்தான் கழிக்கும். ஒரு ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் சூடு, இரண்டு ஆம்பியரில் 15 வாட்டுக்கு மேல். காற்றோட்டமில்லாத விமான வயிற்றுக்குள் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒதுங்கிவிடும். நானோ, அனலாக் சர்வோக்களைக் கழற்றி டிஜிட்டல் போட்டிருந்தேன். டிஜிட்டல் சர்வோ நன்றாகப் பிடித்து நிற்கும். பிடித்து நிற்பதற்கு மின்சாரம் குடிக்கும். இரண்டு மாற்றமும் தனித்தனியாகச் சரிதான், சேர்ந்தபோது விமானத்தைக் கொன்றன.

இப்போது என் பழக்கம் இது: நாலு சர்வோவுக்கு மேல் போனாலோ, நாலு செல் பேட்டரி போட்டாலோ, சூடு குறைவான ஸ்விட்சிங் வகையில் 5 ஆம்பியர் பிஇசி தனியாக வைத்துவிடுவேன். தனி பிஇசி வைக்கும்போது இஎஸ்சி-யின் மூன்று கம்பியில் நடுவிலுள்ள சிவப்பை மட்டும் பிளக்கிலிருந்து உருவி, டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். இரண்டு பிஇசி ஒன்றோடொன்று மோதக் கூடாது. காலியாக இருக்கும் சானலில் ஒரு பெரிய கெபாசிட்டர் செருகுவதும் குட்டிப் பள்ளங்களை நிரப்பும். ஆனால் பலவீனமான பிஇசி-க்கு அதை மருந்தாக நினைத்துவிடாதீர்கள். டெலிமெட்ரி எச்சரிக்கையை 4.7 வோல்ட்டில் வைத்திருக்கிறேன். ரிசீவருக்கு வெறும் மின்னழுத்தம் சொல்லும் டெலிமெட்ரி இருந்தாலே, என்னைப் பொறுத்தவரை கொடுத்த காசு செரித்தது.

அடுத்தது ஆன்டெனா. பழைய 35, 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ரிசீவரிலிருந்து ஒரு மீட்டர் கம்பி வால்போலத் தொங்கும். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு, அதாவது நுனியில் உறையில்லாமல் தெரியும் 31 மில்லிமீட்டர்தான் ஆன்டெனா. அதுவரை வருவது வெறும் கேபிள். இதைத் தெரிந்துகொண்டால் பல குழப்பம் தீரும். அந்த நுனி மடங்கக் கூடாது, வெட்டக் கூடாது, பேட்டரிமேல் ஒட்டிக் கிடக்கக் கூடாது. கேபிள் எப்படி வளைந்து வந்தாலும் அவ்வளவு பாதகமில்லை. இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். கம்பியின் நுனி நேராக நம்மை நோக்கி நிற்கும்போது அதன் காது மந்தம். ஒன்று மந்தமான திசையில் மற்றொன்று கேட்கும்.

கார்பன் ஃபைபர் பக்கம் மட்டும் போகாதீர்கள். என் கிளைடர் ஒன்றின் உடல் முழுக்கக் கார்பன். ஆன்டெனாவை உள்ளேயே விட்டுவிட்டு, தரையில் சோதித்தபோது முப்பது அடி வைப்பதற்குள் தொடர்பு அறுந்தது. இரண்டு சிறு துளை போட்டு நுனிகளை வெளியே விட்டதும் சரியாகிவிட்டது. நுனி விறைப்பாக நிற்பதற்கு ஜூஸ் உறிஞ்சும் குழலில் ஒரு துண்டு வெட்டிச் செருகுவேன். கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும். இன்னொன்று, இதை வருடக்கணக்கில் ஓட்டினால்தான் கவனிக்க முடியும்: ஆன்டெனாவைப் பலகையோடு இணைக்கும் பொத்தான் மாதிரியான குட்டி இணைப்பு, முரட்டுத் தரையிறக்கங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். பார்த்தால் மாட்டியிருப்பதுபோலவே இருக்கும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது. இப்போது கேபிளைப் பலகையோடு ஒரு சொட்டுப் பசையில் பிடித்துவைத்துவிடுகிறேன்.

ஃபெயில்சேஃப் (தொடர்பு அறும்போது ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், ஆனாலும் என் தழும்பைச் சொல்கிறேன். சில ரிசீவர்கள், வாங்கியபடியே விட்டால், தொடர்பு அறும்போது கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். த்ராட்டில் (மோட்டார் வேகம்) பாதியில் இருந்தால் பாதியிலேயே ஓடும். என் மேசையில் டிரான்ஸ்மிட்டரை முதலில் அணைத்தபோது மோட்டார் நிற்காமல் சுற்றி, ப்ரொப்பெல்லர் விரலைக் கிழித்தது. ப்ரொப்பெல்லரைக் கழற்றாமல் மேசையில் வேலை செய்தது என் தப்பு. தொடர்பு போனால் மோட்டார் நிற்க வேண்டும், அது மாற்றமில்லாத விதி. அமைத்தபிறகு, ப்ரொப்பெல்லரைக் கழற்றி, த்ராட்டிலைப் பாதிக்கு ஏற்றி, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். த்ராட்டில் சானலின் திசையை மாற்றினால் ஃபெயில்சேஃபையும் மறுபடி அமைத்தாக வேண்டும். பழைய "குறைந்தபட்சம்", திசை மாறியபின் முழு வேகமாகிவிடும்.

கடைசி மூன்று வருடமாகப் பெரும்பாலும் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்-க்கு மாறிவிட்டேன். திறந்தமூல மென்பொருள், பல நிறுவனங்கள் ரிசீவர் செய்கிறார்கள், விலையும் குறைவு. பைண்டிங் வாசகம் ஒன்றை இரண்டு பக்கமும் போட்டுவிட்டால், பொத்தான் அழுத்தி பைண்ட் செய்யும் வேலையே இல்லை. பாக்கெட் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை முறை கட்டளை போகிறது என்பதை, குறைத்தால் தூரம் கூடும். விமானத்துக்கு 500 ஹெர்ட்ஸ் எதற்கு? சாதாரண சர்வோவுக்கே நொடிக்கு 50 முறைதான் கட்டளை போகிறது. நான் 150-இல் வைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. இரண்டு பக்க மென்பொருளின் முதல் எண் பொருந்த வேண்டும். 2 வரிசையும் 3 வரிசையும் பேசிக்கொள்ளாது. டிரான்ஸ்மிட்டரை மட்டும் இரவில் புதுப்பித்துவிட்டு, காலையில் மைதானத்தில் நின்று விளக்கு மெதுவாக மினுக்குவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டு. அப்புறம், விமானத்துக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு டிரான்ஸ்மிட்டரை ஒரு நிமிடம் வரை போடாமல் இருந்தால் ரிசீவர் வைஃபைக்குப் போய்விடும். பிறகு டிரான்ஸ்மிட்டரைப் போட்டாலும் திரும்பிப் பார்க்காது. பேட்டரியைக் கழற்றி மாட்ட வேண்டும். இது கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படித்தான். தெரியாதவர் ரிசீவர் செத்துவிட்டதாக நினைப்பார்.

விமானம் சாய்வதை உணர்ந்து தானே திருத்தும் ஜைரோ உள்ள ரிசீவர் ஒன்றும் வைத்திருக்கிறேன். காற்றடிக்கும் நாளில் இதமாக இருக்கிறது. ஆனால் அதன் திசை தலைகீழாக இருந்தால் விமானத்தைத் திருத்துவதற்குப் பதில் கவிழ்க்கும். வலது இறக்கையைச் சட்டென்று கீழே அழுத்தினால் வலது எய்லரான் கீழிறங்க வேண்டும். இதைப் பார்க்காமல் எறியாதீர்கள்.

புது ரிசீவர் எதுவானாலும், டிரான்ஸ்மிட்டரை ரேஞ்ச் சோதனை நிலையில் (சிக்னல் பலத்தைக் குறைத்து அனுப்பும் நிலை) வைத்து முப்பது அடி வைத்து நடந்து, மோட்டார் நின்றிருக்கும்போது ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை பார்ப்பேன். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விமானத்தை இன்னொருவர் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் சிவப்பு டேப்பைக் கிழித்தேன். ஆன்டெனா ஒன்றின் நுனி விபத்தில் நைந்திருந்தது, அதை மட்டும் மாற்றினேன். ஃபெயில்சேஃப், ரேஞ்ச் எல்லாம் பார்த்து, தனி பிஇசி கொடுத்து ஒரு ஃபோம் விமானத்தில் போட்டிருக்கிறேன். இதுவரை பதினாறு முறை பறந்துவிட்டது. இதில் டெலிமெட்ரி இல்லை என்பதுதான் உறுத்தல். அதனால் ரொம்ப தூரம் விடுவதில்லை.