போர்ட் பண்ணச் சொன்னார், பண்ணினோம். ரூ.2,86,000 போச்சு

சென்னை கே.கே.நகர், அசோக் நகர் பக்கம் "மெடிக்கல் இன்சூரன்ஸை போர்ட் பண்ணித் தர்றேன் சார்" என்று யாராவது வந்தால், உள்ளே உட்காரவைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போர்ட் என்றால் பழைய பாலிசியின் வருடங்களை இழக்காமல் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்வது. எங்களை மாற்றிவிட்ட கம்பெனியின் பெயர் போடவில்லை. தனியார் கம்பெனி, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அரசு கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் 3 லட்சத்துக்கு பாலிசி ஓடியது. ரெண்டு வருடம் முன்னால் இந்த ஏஜென்ட் வந்தார். அம்மாவே மாத்திரை டப்பாவை எடுத்துவந்து, "பிரஷருக்கு இதைப் போடறேன்பா" என்று காட்டினார். அவரும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டேப்பில் ஏதோ தட்டினார். "போட்டாச்சும்மா. பழைய வருஷமெல்லாம் அப்படியே கணக்குல வந்துடும்." ஓ.டி.பி. கேட்டார், சொன்னோம். கவரேஜ் 5 லட்சமானது.

போன மாதம் அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஸ்டென்ட் வைத்தார்கள். கேஷ்லெஸுக்கு (ஆஸ்பத்திரி பில்லை கம்பெனியே நேரடியாகக் கட்டுவது) முதல் அனுமதி வந்துவிட்டது. டிஸ்சார்ஜ் அன்று காலையிலேயே ஃபைனல் பில் போனது. மூன்று மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024-இல் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட விதி. இருட்டிய பிறகு வந்தது பதில்: அனுமதி ரத்து. டிஸ்சார்ஜ் சம்மரியில் டியூட்டி டாக்டர் 'பத்து வருடமாக ரத்த அழுத்தம்' என்று எழுதியிருந்தாராம், அதை நாங்கள் மறைத்துவிட்டோமாம்! மச்சான் கார்டு, என் கார்டு எல்லாம் தேய்த்து ரூ.2,86,000 கட்டித்தான் அம்மாவைக் கூட்டிவந்தோம்.

ஏஜென்ட்: "நான் பாலிசி போட்டுத் தர்றதோட சரி சார், கிளெய்ம் டீம்கிட்ட பேசுங்க." கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் புது டிக்கெட் நம்பர். கிளை ஆபீஸில் செக்யூரிட்டியைத் தாண்டவே விடவில்லை, "மெயில் போடுங்க சார்." மெயில் போட்டால் அதே நிராகரிப்புக் கடிதம் திரும்பி வருகிறது. ஏஜென்ட் டேப்பில் நிரப்பிய புரொபோசல் (பாலிசி விண்ணப்பப் படிவம்) நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பி.பி. கட்டத்தில் 'இல்லை'. பழைய பாலிசி நம்பர் மட்டும் ஒரு எழுத்துத் தப்பாமல் இருக்கிறது.

தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்துவிட்டாய் என்று சொல்லி கிளெய்மைத் தட்டிக்கழிக்க முடியாது. போர்ட் பண்ணுவதற்கு முந்தைய வருடங்களும் அதில் சேரும். கூட்டிய 2 லட்சத்துக்கு வேண்டுமானால் தனிக் கணக்கு இருக்கட்டும், எங்கள் ரூ.2,86,000 பழைய 3 லட்சத்துக்குள்தானே வருகிறது? இதைக் கேட்டால் பதிலே இல்லை.

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. புரொபோசலை நீங்களே நிரப்புங்கள். படித்துப் பார்க்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். பாலிசி வந்ததும் படிவ நகலைப் பாருங்கள், தப்பிருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார், ஒரு மாதத்தில் சரியாகவில்லை என்றால் தேனாம்பேட்டையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (கம்பெனி மேல் வரும் புகாரை விசாரிப்பவர்). கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நான் அங்கேதான் போகப்போகிறேன்.

இன்று காலைகூட அந்த ஏஜென்ட் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'பெற்றோருக்கு பெஸ்ட் பிளான், உடனே போர்ட் பண்ணுங்க' என்று போட்டிருக்கிறார். எங்கள் பிளாக்கிலேயே இன்னும் ரெண்டு வீடு அவரிடம்தான் பாலிசி எடுத்திருக்கிறது.