வேம்: குழியில் பெருக்கியதா, பாக்கெட்டில் வாங்கியதா?

வறட்சியையும் உவரையும் தாங்க வேர் உட்பூசணம், அதாவது வேருக்குள் வாழ்ந்து செடிக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) எடுத்துத் தரும் வேம் (VAM), போடுவது என்று முடிவான பிறகு முன்னால் இருப்பது இரண்டு வழி. ஆய்வகத்தில் கேரட் வேரில் வளர்த்துப் பொடியாக்கிய பாக்கெட் ஒன்று. தாய் வித்து, அதாவது பெருக்குவதற்கான முதல் சரக்கு, ஒரு கிலோ வாங்கி, மக்காச்சோள வேரில் நாமே பெருக்கும் குழி மற்றொன்று. மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றங்காலுக்கு எங்கள் ஓட்டு குழிக்குத்தான்.

பாக்கெட் சுமை குறைந்தது, சுத்தமானது, நூற்புழு கூடவே வந்துவிடும் பயம் இல்லை. விலை கடைக்குக் கடை மாறும். அதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். தீர்மானிப்பது உயிர். நோய்ப் பூசணங்களை அடக்கும் டிரைகோடெர்மா பூசணத்தை ஈரத் தொழுவுரத்தில் கலந்து வைத்தால் அதுவாகப் பெருகிக்கொள்ளும். வேமுக்கு அந்தத் திறமை கிடையாது. உயிருள்ள வேருக்குள் நுழைந்தால்தான் சாப்பாடு. கடை அலமாரியில் சித்திரை வெயிலில் செத்துப்போன வித்தை எந்த எருவும் பிழைக்க வைக்காது. லேபிளில் கிராமுக்கு இத்தனை வித்து என்று அச்சிட்ட எண்ணிக்கை தயாரித்த நாளின் கணக்கு. நம் கைக்கு வரும் நாளின் கணக்கு அல்ல. ஆனியில் தொடங்கிய குழியோ புரட்டாசி நாற்றங்காலுக்குப் புதுச் சரக்காக வந்துவிடும். வித்தோடு பூசண இழைகளும் பூசணம் ஏறிய வேர்த்துண்டுகளும் அதில் இருப்பதால் நாற்றின் வேரைச் சீக்கிரம் பிடிக்கும்.

குழி ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஓரடி ஆழம். கறுப்பு பாலித்தீன் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டும் (ஈரம் பிடிக்கும் இலேசான கனிமத் துகள்) நீராவியில் வேகவைத்த 5 கிலோ மண்ணும் கலந்து 20 செ.மீ. உயரம் நிரப்ப வேண்டும். மேற்பரப்புக்கு 2 முதல் 5 செ.மீ. கீழே தாய் வித்து ஒரு கிலோவைப் பரப்பி, மேலே மக்காச்சோளம் ஊன்றலாம். விதையை 5 சத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 2 நிமிடம் முக்கி அலசிவிடுங்கள். சிவப்புப் பூச்சோடு வரும் கம்பெனி விதை ஆகாது. அந்தப் பூச்சு பூசணக்கொல்லி. அடியுரம் 2 கிராம் யூரியா, 2 கிராம் சூப்பர் பாஸ்பேட், 1 கிராம் பொட்டாஷ். 30, 45ஆம் நாள்களில் 10 கிராம் யூரியா. அவ்வளவுதான். ‘பயிர் வெளிறுகிறதே’ என்று மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தை அள்ளிப் போட்டால் கதை முடிந்தது: மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் செடி பூசணத்துக்கு வேரில் இடம் கொடுக்காது.

பாலித்தீன் விரித்த குழியில் வடிகால் இல்லை. நீர் தேங்கினால் வேர் அழுகும், பூசணமும் போகும். 60ஆம் நாள் தண்டை வெட்டிவிட்டு, வேரைத் துண்டாக்கி வெர்மிகுலைட்டோடு கலந்து நிழலில் உலர்த்தினால் சுமார் 55 கிலோ தேறும். வேரில் முடிச்சு தெரிந்தால் மொத்தத்தையும் தள்ளிவிடுங்கள், நூற்புழுவை வயலுக்குச் சுமக்க வேண்டாம்.

நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கு 2–3 செ.மீ. கீழே. ஏக்கர் மிளகாய்க்கு ஒரு சென்ட் நாற்றங்கால், அதாவது 4 கிலோ. இதையே நடவு வயலில் செடிக்கு 20 கிராம் என்று வைத்தால், 60க்கு 45 செ.மீ. இடைவெளியில் ஏறக்குறைய 300 கிலோ ஆகும். சொட்டுநீரில் விடலாம் என்பவர்களுக்கு: 120 மெஷ் வடிகட்டியில் பெரிய துகள்கள் நின்றுவிடும், தாண்டுவதும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும்.

பாக்கெட் ஜெயிக்கிற இடங்களும் உண்டு. குழித்தட்டு நாற்றுக்குச் சுத்தமான சரக்கு வேண்டும் (தட்டில் நிரப்பும் தென்னை நார்க்கழிவில், மணிச்சத்தும் கலந்த 19:19:19 உரக் கரைசலை அடிக்கடி ஊற்றினால் அதுவும் வீண்). ராமநாதபுரம் பக்கம் மானாவாரி முண்டு மிளகாயை நேரடியாக விதைப்பதால் நாற்றங்கால் கணக்கே செல்லாது; அங்கே விதையில் பூசும் பொடிதான் வசதி. எதுவானாலும் கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லி விதைநேர்த்தியைத் தவிருங்கள்.

வறட்சியில் பலன் கிடைப்பதற்குக் காரணம் தெளிவு. மண் காயும்போது மணிச்சத்து நகராது. வேர்த்தூவி நுழையாத நுண்துளைக்குள்ளும் பூசண இழை போய் எடுத்து வரும். உவர் நிலத்தில் அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டோம். செடி சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைத் தக்கவைக்க உதவும், மண்ணிலுள்ள உப்பை எடுக்காது. சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு ஜிப்சம் தனியாகப் போட்டே ஆக வேண்டும். இப்படிப்பட்ட நிலங்களில் நாலு வரிசை வேம் இல்லாமல் விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி, பீட்ரூட்டுக்கு இரண்டுமே வெட்டிச் செலவு.

வேம் வேரில் பிடித்ததா என்று பார்க்க, 45 நாள் நாற்றின் மெல்லிய வேரைப் 10 சத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வெளுக்கும்வரை சூடாக்கிக் கழுவி, 5 சத கறுப்பு மை கலந்த வினிகரில் 3 நிமிடம் கொதிக்கவிட்டு நுண்ணோக்கியில் வையுங்கள். வேருக்குள் கருத்த இழையும் சின்னப் பைகளும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நடவுக் குழியில் இன்னொரு தடவை போட நேரம் இருக்கிறது.