கல்யாணப் பத்திரிகைக்கு கிரேட் வைப்ஸா, அலெக்ஸ் பிரஷா?

தம்பி கல்யாணப் பத்திரிகையின் முகப்பில் இரண்டு பெயர்களையும் ஆங்கிலக் கூட்டெழுத்தில் போடுவது என்று வீட்டில் முடிவானது. வண்ணாரப்பேட்டையில் டிடிபி கடைக்காரர் முதலில் காட்டியது, எட் பெங்குயாட் 1994-இல் வரைந்த எட்வர்டியன் ஸ்கிரிப்ட் என்ற எழுத்துரு (ஃபான்ட்). அதன் மெல்லிய கோடுகள் தலைமுடி அளவுதான் இருக்கும். அதனால் அதை உடனே ஒதுக்கிவிட்டோம். மிஞ்சிய எழுத்துருக்கள் கிரேட் வைப்ஸும் அலெக்ஸ் பிரஷ்ஷும். நான் எடுத்தது அலெக்ஸ் பிரஷ். இன்னொரு பத்திரிகை அடித்தாலும் அதையேதான் எடுப்பேன்.

இரண்டையும் வரைந்தவர் ராபர்ட் லியூஷ்கி. இரண்டுமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இரண்டிலும் தமிழ் கிடையாது. உள்பக்கத் தமிழுக்கு, தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணர் கொஞ்சம் சாய்வாக இருப்பதால் நன்றாகச் சேர்கிறது.

கிரேட் வைப்ஸின் அழகு பெரிய எழுத்துகளிலும், மேலும் கீழும் நீளும் சுழிகளிலும் இருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் அதைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். என் தங்கையும் அதைத்தான் கேட்டாள்.

ஆனால் பத்திரிகை கார்டில் அல்லவா அடிக்கப்போகிறோம்! ஆண்டர்சன் தெருவில் நாங்கள் எடுத்தது சொரசொரப்பான கார்டு, அதில் தங்க மையில் ஸ்கிரீன் பிரிண்டிங். ஸ்கிரீன் என்பது வலை, மை அதன் கண்கள் வழியாகத்தான் இறங்க வேண்டும். தங்க மையில் பளபளக்கும் துகள்கள் இருப்பதால் கண் பெரிய வலை தேவைப்படும். கோடு ரொம்ப மெலிந்தால் நூல் மறைக்கும் இடத்தில் மை இறங்காமல், விட்டுவிட்டு விழும். “மெல்லிசு கோடு இந்தக் கார்டுல நிக்காதுண்ணா” என்று அச்சகத்துப் பையனும் சொன்னான்.

அலெக்ஸ் பிரஷ் தூரிகை எழுத்து, அதன் மெல்லிய இடத்திலும் சதை இருக்கிறது. அதைவிட முக்கியம், மேலும் கீழும் நீளும் பகுதிகள் அதில் குட்டை. பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கும்போது கிரேட் வைப்ஸின் சுழிகள் மோதிக்கொள்ளும். மோதாமலிருக்க அளவைக் குறைத்தால் கோடு இன்னும் மெலியும். அலெக்ஸ் பிரஷ்ஷை அதே இடத்தில் பெரிதாகவே வைக்கலாம். அளவு கூடினால் கோடும் தடிக்கிறது, பெயரைப் பெரியவர்களும் கண்ணாடி தேடாமல் படிக்கிறார்கள். எனக்கு இது ஒன்றே போதுமாக இருந்தது.

பளபளக்கும் மெல்லிய தகட்டைச் சூட்டில் ஒட்டும் ஃபாயில் வேலையில் பிரச்சினை வேறு, சூடான பிளாக் அழுத்தும்போது e, a போன்ற எழுத்துகளின் உள்ளே இருக்கும் சின்ன ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும். அதில் நான் பார்த்தது மாதிரி கார்டு மட்டும்தான், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். மண்டப வாசல் பேனர் என்றால் பேச்சே வேறு. அந்த அளவில் கிரேட் வைப்ஸ்தான் அழகு, அதையே போட்டோம்.

எதை எடுத்தாலும் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டாதீர்கள், இணைப்பு அறுந்துவிடும். அப்புறம், மொத்தமாக அடிக்கும் முன் அதே கார்டில் ஒன்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.